அம்பாசிடரின் இழுவை, பியட்டின் துள்ளல்

பழைய கார் ஓட்டியவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அம்பாசிடருக்குப் புல்லிங் அதிகம், எத்தனை பேர் ஏறினாலும் மேட்டில் திணறாது என்பார் ஒருவர். பியட் மாதிரி கைக்கு அடக்கமாகத் துள்ளிக்கொண்டு போகிற வண்டி வேறு எது என்பார் மற்றவர். பியட் என்றால் பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி. பெயர் மாறிய பிறகும் நமக்கு அது பியட்தான்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. 1489 சிசி அம்பாசிடருக்கு 50 குதிரைத்திறன், எடை சுமார் 1,100 கிலோ. 1089 சிசி பத்மினிக்கு 40, எடை 895 கிலோ. வகுத்துப் பாருங்கள், ஒரு குதிரை இழுக்க வேண்டிய எடை அங்கே 22 கிலோ, இங்கே 22.4 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றுதான்!

அப்புறம் வித்தியாசம் எங்கே? எஞ்சினில் எரிபொருள் எரிகிற குழாய்க்குள்ளே, அதாவது சிலிண்டருக்குள்ளே.

சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் உருளைதான் பிஸ்டன். அம்பாசிடரின் பிஸ்டன் மேலிருந்து கீழே 88.9 மில்லிமீட்டர் பயணம் செய்கிறது, பத்மினியில் 75 மட்டும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க். இந்தத் தூரத்தில் பாதிதான் அதன் கை நீளம். சைக்கிளில் பெடல் தண்டு நீளமாக இருந்தால் மிதிக்கிற அதே பலத்துக்குச் சக்கரம் அழுத்தமாகச் சுற்றும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். போதாததற்கு அம்பாசிடரின் பிஸ்டன் தலையும் அகலம், 73 மில்லிமீட்டர், பத்மினியில் 68. தள்ளுகிற பரப்பும் பெரிது, திருப்புகிற கையும் நீளம் என்பதால் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், நன்றாகக் கிடைத்துவிடுகிறது.

அதற்கு ஒரு விலை உண்டு, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். நீளமான பாதையில் ஓடும் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் போய் வர வேண்டும். அம்பாசிடர் தன் முழுத் திறனைக் கொடுப்பது நிமிடத்துக்கு 4,200 சுற்றில், பத்மினி 4,800 சுற்றில். அந்த நிலையில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டால் அம்பாசிடரில் விநாடிக்கு 12.4 மீட்டர், பத்மினியில் 12. அதாவது இரண்டு எஞ்சினின் பிஸ்டன்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன, ஆனால் குட்டையான பாதை இருப்பதால் பத்மினி அதற்குள் 600 சுற்று கூடுதலாகச் சுற்றிவிடுகிறது. அந்தத் துள்ளல் அங்கிருந்து வருவது.

சரி, ஐந்து பேரை ஏற்றுவோம், ஆளுக்கு 60 கிலோ. இப்போது ஒரு குதிரைக்கு அம்பாசிடரில் 28 கிலோ, பத்மினியில் 30. காலியாக இருக்கும்போது ஏறக்குறைய சமமாக இருந்த வண்டிகள் ஆள் ஏறியதும் பிரிந்துவிட்டன. சின்ன வண்டிக்கு அதே சுமை பெரிய பாரம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறினால் இது காலிலேயே தெரியும்: பத்மினியை மிதித்து உறுமவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், அம்பாசிடர் அவ்வளவு மிதி கேட்காது.

ஸ்டியரிங் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அம்பாசிடரில் இருப்பது ரேக் அண்ட் பினியன், அதாவது பல் சக்கரம் ஒரு பல் தண்டை இடமும் வலமும் நகர்த்துவது, இன்றைய கார்களில் உள்ள அதே ஏற்பாடு. பத்மினியில் திருகு மரை போன்ற பல்லால் திருப்பும் பழைய பாணி வார்ம் கியர். ஆனாலும் ஓட்டுபவர் கைக்கு லேசாக இருந்தது பத்மினிதான், ஏனென்றால் அதன் மூக்கில் எடை குறைவு.

1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடருக்கு ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் 1817 சிசி எஞ்சின் வந்தது, 75 குதிரைத்திறன். அதில் சிலிண்டர் அகலம் 84 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 82. அம்பாசிடரே நீளப் பாதையை விட்டுவிட்டது.