தண்ணீர் கேனும் காலை ஆறரை மணியும்

இடுப்பு வலியோடு வருகிறவர்களிடம் பிசியோதெரபிஸ்டான நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை மணிக்குப் பிடித்தது?" வலி எங்கே, எப்படி என்று சொல்லத் தயாராக வந்திருப்பார்கள். மணியைக் கேட்டதும் கொஞ்சம் யோசிப்பார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு காலை நேரத்தைத்தான் சொல்வார்கள். வாய் கொப்பளிக்கக் குனிந்தபோது, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடியபோது, குழந்தையைத் தூக்கியபோது. சென்னையில் நான் பார்த்தவரை இந்த வரிசையில் தண்ணீர் கேனுக்குத்தான் முதலிடம்.

போன வருடம் ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள், அலுவலக வேலை. காலை ஆறரைக்குக் காலிங்பெல் சத்தத்தில் எழுந்திருக்கிறார். கேன் போடும் தம்பி வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். தூக்கக் கலக்கத்தோடு 20 லிட்டர் கேனைத் தூக்கிப்போய், உடம்பைத் திருப்பி டிஸ்பென்சர் மேல் கவிழ்த்தபோது இடுப்பில் 'கடக்' என்றதாம். அன்றைக்கு வெறும் பிடிப்புதான். மூன்றாம் நாள் வலி பின்தொடை வழியாகக் குதிகால் வரை 'கரண்ட் மாதிரி' இழுத்தது. எம்.ஆர்.ஐ. கவரை மேசையில் வைத்துவிட்டு, "டிஸ்க் விலகிடுச்சாம் சார்" என்றார்.

இந்த 'விலகல்' என்ற வார்த்தையே பாதிப் பயத்துக்குக் காரணம். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை; அது எங்கேயும் விலகி ஓடுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் நுங்கு மாதிரி கொழகொழப்பு, அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையம். ஓர் அடுக்கின் நார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். வெறுமனே குனிந்தால் எல்லா அடுக்கும் சேர்ந்து தாங்கும். குனிந்த நிலையிலேயே திரும்பினால் ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் தொய்ந்துவிட, மீதி நார்கள்தான் மொத்தச் சுமையையும் வாங்கும். கேனைக் கவிழ்க்கும்போது நாம் செய்வது அச்சு அசலாக இதைத்தான். பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்ட நார் வளையம் ஒரு நாள் வழிவிடும், நடுவில் இருக்கிற நுங்கு பின்பக்கமாகப் பிதுங்கும். பின்னால்தான் காலுக்குப் போகிற நரம்புகள் இருக்கின்றன. இடுப்பில் இப்படிப் பிதுங்குவதில் மிகப் பெரும்பான்மை கடைசி இரண்டு டிஸ்க்குகளில், அதாவது இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளான எல்-4, எல்-5 நடுவிலும், எல்-5-க்கும் அதற்கு அடியில் இருக்கிற எஸ்-1 எலும்புக்கும் நடுவிலும்தான். பிரச்சினை இடுப்பில் இருந்தாலும் கால் வலிப்பது இதனால்தான்.

சரி, காலையில் என்ன விசேஷம்? படுத்திருக்கும்போது முதுகெலும்பின் மேல் சுமை மிகக் குறைவு. அந்த நேரத்தில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பிழியப்பட்டு வெளியேறும். காலையில் உயரத்தை அளந்துவிட்டு ராத்திரி மறுபடி அளந்து பாருங்கள், ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும்கூடக் குறைந்திருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். உப்பியிருக்கும் டிஸ்க்கோடு குனிந்தால் நார் வளையத்தின் மேல் விழும் இழுவை, மத்தியானம் அதே அளவு குனிவதைவிடப் பல மடங்கு அதிகம். கேன் வருகிற நேரமும் அதுதான்.

அதனால் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களுக்கு என் முதல் விதி: எழுந்த ஒரு மணி நேரம் இடுப்பை மடக்காதீர்கள். வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாய் கொப்பளியுங்கள். உட்கார்ந்து, காலை ஸ்டூல் மேல் வைத்து ஷூ போடுங்கள். விடியற்காலையில் எழுந்த கையோடு குனிந்து கால் விரலைத் தொடுவது, சூரிய நமஸ்காரம் எல்லாம் வேண்டாம். அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, இன்னும் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம். (இதைச் சொன்னதற்காக ஒரு யோகா ஆசிரியர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பரவாயில்லை.) கேனைப் பொறுத்தவரை, தரையில் வைத்தபடியே மேலே மாட்டுகிற சார்ஜ் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. இல்லையென்றால் கேன் போடுகிறவரிடமே ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சமையல் கேஸ் சிலிண்டர் இன்னும் மோசம். உள்ளே எரிவாயு 14.2 கிலோ, காலி சிலிண்டரே சுமார் 15 கிலோ. அதைத் தூக்கவே கூடாது, சாய்த்து உருட்டத்தான் வேண்டும்.

இதே மாதிரி இன்னொரு நேரமும் உண்டு. ஊரிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் கூன் போட்டு உட்கார்ந்து வந்து, இறங்கிய வேகத்தில் அரிசி மூட்டையைத் தூக்குகிறோம். அவ்வளவு நேரம் வளைந்திருந்த முதுகின் தசைநார்கள் அப்போது தொய்ந்துபோயிருக்கும். ஐந்து நிமிடம் நிமிர்ந்து நின்று, நாலு அடி நடந்துவிட்டு மூட்டையைத் தொடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யைப் பற்றி ஒரு வார்த்தை. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது பல்ஜ், அதாவது டிஸ்க்கில் லேசான புடைப்பு, இருந்தது. அதனால் ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்து யாரும் ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். காலின் பலம், உணர்ச்சி, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கும்போது வலி எங்கே இழுக்கிறது, இவையெல்லாம் ஸ்கேனோடு பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம்.

பிதுங்கியது அப்படியே நின்றுவிடும் என்பதும் தப்பு. வெளியே கசிந்த பகுதியை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. சின்ன பல்ஜைவிட, பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டுதான் சீக்கிரம் சுருங்கும் என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கால் வலி நன்றாகக் குறைந்துவிடும். அதுவரை படுத்தே கிடக்க வேண்டுமா? நெதர்லாந்தில் இப்படிக் கால் வலி வந்த 183 பேரில் ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கவைத்து, மறு பாதியை நடமாடவிட்டுப் பார்த்தார்கள். 1999-இல் வந்த முடிவு: இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. வலி தாங்கமுடியாத ஓரிரு நாள் படுங்கள், அப்புறம் எழுந்து நடங்கள். பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டு திரியாதீர்கள். கால் முன்னால் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. சாதாரணச் சுளுக்குக்கு மிதித்தால் ஏதோ தப்பித்துக்கொள்வீர்கள். நரம்பு அழுந்தியிருக்கும்போது தயவுசெய்து வேண்டாம்.

சிகரெட் பிடிப்பவர்களிடம் அதையும் சொல்லிவிடுவேன். டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. புகை அந்த ஊற்றைச் சுருக்குகிறது.

இனி சொல்லப்போவது அவசரமானது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கசிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலமிழந்தாலோ, என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடம் வரவேண்டாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றைக்கே, அந்த மணியே போங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்ட ஒரு அம்மாவைப் பார்த்த பிறகு, நானாகவே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறது, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்க முடியவில்லை என்றாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேனைத் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்தாரே, அவருக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. தினமும் நடை, இடுப்புக்கும் புட்டத்துக்கும் தசைப் பயிற்சி, காலையில் ஒரு மணி நேர விதி. பத்தாவது வாரம் கால் வலி போய்விட்டது. நான்காவது மாதம் போனில் பேசினார், நன்றாக இருக்கிறாராம். "இப்போ கேனை யார் தூக்குறாங்க?" என்று கேட்டேன். "வீட்ல அவங்கதான் சார்" என்றார். அடுத்த தடவை வரும்போது அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.