குடிக்காதவரின் ஈரல்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை விடியப்புறம் கல்முனைப் பக்கமிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயது 58. இரவு இரண்டு தடவை இரத்தமாகச் சத்தி எடுத்திருக்கிறார். வார்ட்டில் நின்ற இளம் வைத்தியர், எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளோடு சேர்த்து, குடிப்பழக்கம் உண்டா என்றும் கேட்டுவிட்டார். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கட உம்மாவப் பார்த்தா இதக் கேக்கிறீங்க?"

கேள்வி பிழையில்லை. மகனின் கோபமும் நியாயம்தான். ஆனால் அடுத்ததாக அவர் சொன்ன வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது: "அப்ப இது ஈரல் வருத்தமா இருக்கேலா டொக்டர்." அந்த மாதத்தில் மூன்றாவது குடும்பம், அதே வார்த்தை.

கமராக் குழாயை விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்துக் கிடந்தன. நாலு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினோம். இரத்தம் நின்றது. அடுத்த நாள் மகன் ஒரு சொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து தந்தார். பதினான்கு வருடத்துச் சீனி வருத்தக் கிளினிக் கொப்பிகள், மருந்துத் துண்டுகள், நாலாக மடித்த ஒரு ஸ்கேன் ரிப்போட். ஆறு வருடத்துக்கு முந்தியது. "கொழுப்பு ஈரல், கிரேட் 2" என்று தெளிவாக இருந்தது. அதன் பின்பக்கத்தில் யாரோ கடைக்குச் சாமான் எழுதியிருந்தார்கள்: பருப்பு, வெங்காயம், சீனி 2 கிலோ.

இதைப் பற்றி அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "இது இப்ப எல்லாருக்கும் இருக்கிறதுதான், பயப்பட வேணாம் எண்டு சொன்னாங்க." அந்தப் பழியில் எங்கள் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதால் ஒரு வருத்தம் சின்ன வருத்தம் ஆகிவிடாது.

சரி, மகன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஈரல் வருத்தம் என்றால் குடி, குடி இல்லையென்றால் ஈரல் வருத்தம் இல்லை. எங்கள் பகுதியில் இதை நம்பாத வீடு குறைவு. சாராயமும் கசிப்பும் ஈரலை அழிக்கும் என்பது உண்மை. அதற்காக அவற்றைத் தொடாதவரின் ஈரல் பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது? உடம்புக்குத் தேவைக்கு மிஞ்சி வரும் சோறும் பாணும் சீனியும் ஈரலில் கொழுப்பாகத் தங்கும். அது எந்த வழியால் வந்த கொழுப்பு என்று ஈரல் பார்ப்பதில்லை. சிலருக்கு அந்தக் கொழுப்பு சும்மா கிடக்கும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் கல்லுப்போல இறுகிச் சுருங்கும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோயியல் நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் 20 நோயாளிகளின் ஈரல் துண்டுகளைப் பற்றி எழுதினார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குடிகாரரின் ஈரல் மாதிரியே இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்ல. அநேகர் பெண்கள், நிறை கூடியவர்கள், பலருக்குச் சீனி வருத்தம். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னமும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரிலும் பிழை இருந்தது. "மதுசாரம் சாராத கொழுப்பு ஈரல் நோய்" என்றுதான் நாங்களே எழுதி வந்தோம். நோயாளி எதைச் செய்யவில்லை என்பதையே நோயின் பெயராக வைத்திருந்தோம். 2023-இல் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடி அந்தப் பெயரை மாற்றின. இப்போது அது அனுசேபக் கோளாற்றோடு, அதாவது உடம்பு உணவைப் பயன்படுத்தும் முறையில் வரும் கோளாற்றோடு, சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய். ஈரலில் கொழுப்போடு, கூடிய நிறை அல்லது வயிற்றுச் சுற்றளவு, இரத்தத்தில் கூடிய சீனி, பிரஷர், டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு கூடுவது, குறைந்த நல்ல கொலஸ்ட்ரோல் என்ற ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நாலு இருந்தது.

எங்கள் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. கொழும்புக்கு அருகேயுள்ள ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. 32.6 வீதத்தினருக்குக் கொழுப்பு ஈரல். மூன்றில் ஒருவர்! அது நகர்ப்புறத்துக் கணக்கு. மோட்டார் சைக்கிள் வந்த பிறகு நடையை விட்டுவிட்ட எங்கள் ஊர்களைப் பற்றி நான் வேறு நம்பிக்கை வைக்கவில்லை.

குடித்தால்தான் ஈரல் வருத்தம் என்ற இந்த மூடநம்பிக்கை செய்யும் இன்னொரு கெடுதல், வெட்கம். மட்டக்களப்பு நகரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். விரதம், கோயில் என்று வாழ்ந்தவர், மச்சம்கூடத் தொடாதவர். ஈரல் சுருங்கிவிட்டது என்று அறிந்த நாளிலிருந்து ஒன்றரை வருடம் யாருக்கும் சொல்லவில்லை. "குடிச்சுக் கெட்டவன் எண்டு ஊர் கதைக்கும் சேர்" என்று மனைவி அழுதார். ஆசிரியர் என்னிடம் வந்ததே பென்ஷன் காசு எடுக்கப்போய் வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிய பிறகுதான். முப்பது வருடம் கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதிய கை. கிளினிக் கொப்பியில் ஒரு நட்சத்திரம் கீறச் சொன்னேன். கோடுகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. பகலில் தூக்கம், இரவில் முழிப்பு, சொன்னதையே திரும்பச் சொல்வது. வயசு போகிறது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். ஈரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறியிருந்தது. லக்டுலோஸ் பாணி குடித்து மலம் ஒழுங்காகப் போனதும் பத்து நாளில் கையெழுத்து திரும்பி வந்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தைத் திருப்பித் தர என்னிடம் மருந்து இல்லை.

இரத்தம் ஏன் வருகிறது என்று வயல்காரருக்கு விளங்கப்படுத்துவது சுகம். குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்கூடாகத்தான் போக வேண்டும். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் நிற்குமா? வரம்பில் பலவீனமான இடத்தைத் தேடி உடைக்கும். உணவுக்குழாயின் அடி அந்தப் பலவீனமான இடம்.

இப்போது ரிப்போட்டுக்கு. ஸ்கேனில் வரும் "கிரேட்" என்பது கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. தழும்பு எவ்வளவு என்று சொல்வதில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது தழும்பு. ஈரல் நன்றாகச் சுருங்கிய பிறகு கொழுப்பு குறைந்தும்விடும். போன தடவை கிரேட் 2, இந்தத் தடவை கிரேட் 1 என்று சந்தோஷமாக வந்த ஒருவருக்கு நான் கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தது. ஈரல் இரத்தப் பரிசோதனை "நோர்மல்" என்பதும் காப்புறுதி அல்ல.

தழும்பை மோப்பம் பிடிக்க ஒரு மலிவான கணக்கு இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். வயது, ஈரல் இரத்தப் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட்டின் எண்ணிக்கை, இந்த நாலும் போதும். சின்ன லேப்பிலும் செய்வார்கள், கணக்கை ஃபோனிலேயே போடலாம். 1.3-க்குக் கீழ் என்றால் இப்போதைக்கு ஆறுதல், 65 வயதுக்கு மேல் 2 வரை பொறுக்கலாம். 2.67-க்கு மேல் என்றால் உடனே ஈரல் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் என்றால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. அந்த அம்மாவின் பையிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வயது 55, ஏ.எஸ்.டி. 46, ஏ.எல்.டி. 36, பிளேட்லட் ஒன்றரை இலட்சம். விடை 2.8. மூன்று வருடமாக அந்தப் பைக்குள் விடை இருந்தது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சீனி வருத்தம் இருப்பவர்கள் அடுத்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள். வெட்கப்படாமல், வாய்விட்டுக் கேளுங்கள்.

மருந்து? வெளிநாட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளை எனக்கும் காட்டுகிறார்கள். செய்தி பொய்யில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற குளிசைக்கு அனுமதி கிடைத்தது, இந்த நோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. 2025 ஓகஸ்டில் செமாகுளுடைட் ஊசிக்கும் கிடைத்தது. வாரத்துக்கு ஒன்றாக 72 வாரம் அந்த ஊசி போட்டவர்களில் 62.9 வீதத்தினருக்கு ஈரல் அழற்சி நீங்கியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 34.3 வீதம். நல்ல முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் இடைப்பட்ட தழும்பு உள்ளவர்களுக்கு, அதுவும் சாப்பாட்டையும் நடையையும் திருத்துவதோடு சேர்த்து. ஈரல் சுருங்கி முடிந்தவருக்கு அந்த அனுமதி இல்லை. டோஹாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஊசியை வைத்தியரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அந்த ஊசிக்கு முன்பே கியூபாவில் ஓர் ஆய்வு நடந்தது. 293 பேர், ஒரு வருடம், மருந்தில்லை. உணவும் நடையும் மட்டும். 2015-இல் முடிவு வந்தது. நிறையில் பத்திலொன்றைக் குறைத்தவர்களில் 90 வீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, 45 வீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. அவ்வளவு குறைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதையும் மறைக்கக் கூடாது. 72 கிலோ உள்ளவருக்குப் பத்திலொன்று என்றால் 7 கிலோ. 5 வீதம், அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும்.

எங்கே தொடங்குவது? தேத்தண்ணியில். நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 60 கிராம். மாதத்துக்கு ஒருவர் 1.8 கிலோ. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. சோடாவை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். இரவுச் சோற்றுப் பீங்கானில் பாதியைக் கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும். வாவிக்கரைக் காற்றில் அரை மணித்தியாலம் வியர்க்க நடவுங்கள். கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பிடித்தால் சீனியில்லாமல் குடியுங்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசை ஈரலுக்குக் கூடாது என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்களோடு எனக்கு உண்மையிலேயே கோபம். கொழுப்பு ஈரல் உள்ளவர்களை அதிகம் கொல்வது மாரடைப்பும் அதன் உறவுகளும். அட்டோவாஸ்டட்டின் போன்ற அந்தக் குளிசை அதைத் தடுக்கத்தான். நிறுத்தாதீர்கள்.

ஈரல் சுருங்கியவர்கள் பனடோலுக்குப் பயந்து மூட்டு நோவுக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறார்கள். தலைகீழ். அளவோடு, நாளைக்கு 2 கிராமுக்குள் பனடோல் பாதுகாப்பு. டைக்ளோபினாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தப்போக்கையும் கூட்டும். "ஈரல் கழுவும்" பொடி, பாணி எதையும் வாங்காதீர்கள். கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்புக்கென்று சீந்தில் குடித்து ஈரல் பழுதானவர்களை மும்பை வைத்தியர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். மூலிகை என்றால் தீங்கில்லை என்பதும் நம்பிக்கைதான்.

வீட்டாருக்கு ஒரு மன்றாட்டம். ஈரல் வருத்தம் என்றதும் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திப் பத்தியம் வைக்காதீர்கள். சுருங்கிய ஈரல் உள்ளவருக்குப் புரதம் கூடத் தேவை. பட்டினி போட்டால் தசை கரையும், தசை கரைந்தால் மூளைக் குழப்பம் கூடும். படுக்கப்போக முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிடக் கொடுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் வளையம் போட வேண்டியிருக்கிறது. இனி ஆறு மாதத்துக்கொருமுறை புற்றுநோய் பார்க்கும் ஸ்கேனும் வேண்டும். வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது மகன் கதவடியில் தயங்கி நின்றார். வயது 38, கடையில் நாள் முழுக்க இருக்கிற வேலை. "எனக்கும் ஒருக்காப் பார்ப்பீங்களா டொக்டர்?" தராசில் ஏற்றினோம். 91 கிலோ. ஸ்கேனில் கொழுப்பு, ஃபிப்-4 ஒன்றுக்குக் கீழ். போன வாரம் உம்மாவைக் கூட்டி வந்தபோது கேட்காமலே தராசில் ஏறி நின்றார். 88. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம், வாப்பாவைத் தவிர. அடுத்த முறை வாப்பாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.