ஷிகார்: வேட்டைதான், ஆனால் எந்த வேட்டை?

'சிகார்' என்று எழுதினால் பாதிப் பேர் சுருட்டை நினைப்பார்கள். அது வேறு. ஷிகார் பாரசீகச் சொல். உருது, இந்தி வழியாக வந்து வெள்ளைக்காரத் துரைமார் வாயில் ஒட்டிக்கொண்டது. பாரசீகத்தில் வேட்டைக்கும் அதே பெயர், வேட்டையில் விழும் உயிருக்கும் அதே பெயர். வேட்டையாடுபவர் ஷிகாரி. துரைமார் பேச்சில் அது பெரும்பாலும், தடம் பார்த்து முன்னே நடந்த உள்ளூர்க்காரரைக் குறித்தது.

நம் சொல் வேட்டை. பழைய வடிவம் வேட்டம். சங்கப் பாடலில் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டம்தான். ஆக, பசிக்குப் போவதும் பொழுதுபோக்குக்குப் போவதும் இந்த ஒரே சொல்லில் அடங்கும். ஷிகாரில் தொனிக்கும் 'ஜாலிக்காக' என்ற பொருள் வேண்டுமென்றால் 'பொழுதுபோக்கு வேட்டை' என்று எழுதலாம். ஆங்கிலத்தில் முயல், கவுதாரி போன்றவற்றை 'ஸ்மால் கேம்' என்பார்கள்; இங்கே 'கேம்' என்பது வேட்டையாடப்படும் உயிர். அதைச் 'சிறு விளையாட்டு' என்று மொழிபெயர்த்தால் பல்லாங்குழிதான் நினைவுக்கு வரும்! முயல் வேட்டை, கவுதாரி வேட்டை என்று உயிரின் பெயரை முன்னால் வைப்பதே தமிழ் வழக்கம்.

ஆனால் முன்னால் நிற்பதெல்லாம் இரை என்று நம்பிவிடக் கூடாது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் நவராத்திரியின் பத்தாம் நாள் பரிவேட்டை. பரி என்றால் குதிரை. அம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்கு எழுந்தருளி வதம் செய்வது பாணாசுரனை. குதிரைக்கு ஒன்றும் ஆகாது. மலையாளத்தில் வேட்டைக்கு 'நாயாட்டு' என்று ஒரு சொல் உண்டு. குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களுக்கு அது புதிதல்ல. அங்கேயும் நாய் இரையல்ல, கூட ஓடும் துணை. அப்புறம் ஓட்டு வேட்டை இருக்கிறதே, அதில் யார் இரை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சின்ன உயிரை அடிக்கும் கருவிகளுக்கும் நம்மிடம் பெயர் உண்டு: கவண், கண்ணி, களிமண் உருண்டையை எறியும் உண்டிவில். பையன்கள் கையில் இருந்த கவட்டையும் இந்தக் குடும்பம்தான்.

சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு எல்லை இன்னும் அகலம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டுமல்ல, பொறி வைப்பதும் விரட்டுவதும் வேட்டை. அதே மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரையில் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைத்தாலும் வேட்டைதான், உண்டிவில்கூட வேண்டியதில்லை.