‘செப்டிக்’ வேறு, ‘செப்சிஸ்’ வேறு

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடியிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தப் பார்மசியில் நின்றாலும் இந்தப் பேச்சுக் காதில் விழும்: “காயம் செப்டிக் ஆகிட்டு, அதுக்கு ஒரு குளிசை தாங்க.” இங்கே செப்டிக் என்றால் புண்ணில் சீழ் வைத்துவிட்டது, சுற்றிச் சிவந்து வீங்கிவிட்டது, அவ்வளவுதான். அதே ஆளை இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டொக்டர் “செப்சிஸ்” என்கிறார். வீட்டார் சீழ் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். டொக்டர் சொன்னதோ, சிறுநீரகம், நுரையீரல், மூளை போன்ற உறுப்புகள் பழுதாகத் தொடங்கிவிட்டன என்பதை.

குழப்பத்துக்கு ஒரு காரணம், இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்க மொழியில் செப்சிஸ் என்றால் அழுகல். கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவமே அந்தச் சொல்லைக் கையாண்டது. 1867இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தால் காயங்களைத் துப்புரவாக்கும் முறையை வெளியிட்டபோது, அழுகலுக்கு எதிரானது என்ற பொருளில்தான் அது அன்டிசெப்டிக் எனப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் கட்டும் செப்டிக் டேங்கும் இதே குடும்பம்தான்.

ஆனால் மருத்துவம் அந்தப் பழைய பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. 1992இல் வந்த வரையறை, தொற்றோடு உடல் முழுவதும் அழற்சியின் அடையாளங்கள் தெரிவதைச் செப்சிஸ் என்றது. 2016இல் அதையும் மாற்றினார்கள். தொற்றை எதிர்க்கப் போன உடல் கட்டுப்பாடு இழந்து, உயிருக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன் உறுப்புகளையே சேதப்படுத்துவதுதான் இன்றைய பொருள். இதில் அழுகலும் இல்லை, சீழும் இல்லை. நியூமோனியாவில் வரும், சலக்கடுப்பில் (சிறுநீர்த் தொற்றில்) வரும், பிரசவத்துக்குப் பிறகும் வரும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சீழ்ப்பிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் பயம் உண்டு, ஏனென்றால் அதைப் படிப்பவர் சீழைத் தேடுவார். ‘குருதி நச்சுப்பாடு’ அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பாம்புக்கடி விஷம்போல ஏதோ இரத்தத்தில் கலந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். நம் ‘புரையோடுதல்’ அருமையான சொல், மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போகும் புண்ணுக்கு உரியது. அது அங்கேயே இருக்கட்டும். பொருளைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘தொற்றுச் சீர்குலைவு’ என்பேன். தொற்றில் தொடங்கி உடலின் ஒழுங்கு குலைவது என்ற இரண்டு பகுதியும் அதில் வந்துவிடுகின்றன.

அந்தக் குலைவு வீட்டில் எப்படித் தெரியும் என்பதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலோடு ஆள் தடுமாறிப் பேசுவார், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குவார். மூச்சு வேகமாகும், பெரியவர் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 22 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் கவலைப்பட வேண்டும். சலம் நன்றாகக் குறைந்துபோகும். கை கால் சில்லிடும், தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும், உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போகும். “காய்ச்சல் விட்டுட்டுது” என்று நிம்மதியாக இருந்துவிடும் வீடுகளை நினைத்தால் மனம் பதறுகிறது. பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அதுவே போதும், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு கவலை உண்டு. பெரும்போக மழைக்கு வட்டையில் (வயலில்) இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். அது முற்றினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அதைத் தடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். அதிகம் பேசப்படாதது மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியா தரும் நோய் அது, மட்டக்களப்பிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களை அது அதிகம் பிடிக்கும், வேகமாகச் செப்சிஸில் கொண்டுபோய் விடும். பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு அது பொதுவாக அடங்காது, செஃப்டசிடிம் அல்லது மெரொபெனெம் தேவைப்படும். அதனால் “வெள்ளாமை வேலை செய்றவர், சீனி வருத்தம் இருக்கு” என்ற இரண்டையும் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் இரத்தம் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்காகச் சிகிச்சை தாமதிக்கக் கூடாது. பிறசர் விழுந்திருந்தால், அல்லது செப்சிஸ்தான் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், 1 மணித்தியாலத்துக்குள் அன்டிபயோடிக் நரம்பில் ஏற வேண்டும். பிறசர் விழுந்தவருக்கு முதல் 3 மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் அளவில் சேலைன் கொடுப்பது பொதுவான வழிகாட்டல். 50 கிலோ உள்ளவருக்கு அது ஒன்றரை லீற்றர். அப்புறம் தொற்றின் ஊற்றைத் தேடி, கட்டியைக் கீறிவிடுவதோ அழுகிய தசையை அகற்றுவதோ நடக்கும். பார்மசிக் குளிசையும் பனடோலும் இந்த வேலை எதையும் செய்யாது.

2017இல் மட்டும் உலகில் செப்சிஸோடு தொடர்புடைய இறப்புகள் 1 கோடியே 10 இலட்சம் என மதிப்பிட்டிருக்கிறார்கள்.

‘தொற்றுச் சீர்குலைவு’ என்று எழுதினாலும், ஆஸ்பத்திரி வாசலில் ‘செப்சிஸ்’ என்றே சொல்லுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கல்முனையில் சேர்த்தவரை அம்பாறைக்கோ கண்டிக்கோ மாற்றினாலும், தமிழ் தெரியாத டொக்டருக்கும் தாதிக்கும் அந்த ஒரு சொல் விளங்கும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆள் தடுமாறுகிறார், மூச்சு வாங்குகிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.