விடியற்காலையில் மிதக்கும் மீன்கள்: மருந்து கொட்டியது யார் என்று தேடுவதற்கு முன்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மீன்வளர்ப்பு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்குக் கைப்பேசி அழைப்பு வருகிற நேரம் காலை ஆறு மணி என்றாகிவிடுகிறது. ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் என்று மாவட்டம் மாறும். பேசுகிறவர் ஊர் ஏரியை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரராக இருப்பார், அல்லது பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் விவசாயியாக இருப்பார். சொல்கிற செய்தி மட்டும் மாறுவதே இல்லை. “ஏனுங்க, நேத்துப் பொழுதோட தவுடு போட்டப்பக்கூட நல்லாத்தானுங்க தின்னுச்சு. விடியக்காலம் வந்து பார்த்தா மொத்தமும் மெதக்குது. ஆரோ மருந்தைக் கொட்டீட்டாங்க.”

அண்மையில் வந்த ஓர் அழைப்பு காவல் நிலையத்திலிருந்தே வந்தது. வாய்க்கால் தண்ணீருக்காக ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்மீது குத்தகைதாரர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, மீன் மருந்தினால்தான் செத்தது என்று நான் ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் எழுதித் தரவில்லை. அந்தக் குட்டையில் மீன்கள் மூச்சுத் திணறித்தான் இறந்தன என்பது அவற்றைப் பார்த்த உடனேயே தெரிந்தது. ஆனாலும் இரண்டு குடும்பங்களுக்கு இடையே பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் இப்படி நடப்பதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அது எவ்வளவு சொற்பம் என்பதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளக்கூடியதோ ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். 20 பாகையில் அதே நீர் 9 மில்லிகிராம் வரை ஏற்கும். அதாவது வெயில் ஏற ஏறத் தண்ணீரின் கொள்ளளவு குறைகிறது. அதே வெயிலில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதன் தேவையோ கூடுகிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் தவிப்பு. 1க்கும் கீழே சில மணி நேரம் நீடித்தால் மிதப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் வாதத்துக்கு வருகிறேன். “தண்ணீர் நல்ல பச்சையாக, வளமாகத்தானே இருந்தது?” என்று கேட்கிறார்கள். பச்சை என்பது பாசி நுண்ணுயிர்கள். அவை பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகின்றன என்பது உண்மை. பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பாசியும் மீனும் அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்களும் ஒரே இருப்பிலிருந்து இரவு முழுவதும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இருப்பு மிகவும் வற்றிப்போகும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு. எனவே தண்ணீர் எவ்வளவு அடர்ந்த பச்சையோ அவ்வளவு ஆபத்து அந்த விடியற்காலைக்கு. மாலையில் நன்றாகத் தீனி எடுத்த மீன் காலையில் மிதப்பதில் மர்மம் எதுவும் இல்லை. மாலை நான்கு மணிக்குத்தான் அந்தக் குட்டையில் பிராணவாயு உச்சத்தில் இருந்திருக்கும்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. விடியற்காலையில் செத்த மீனைப் பார்த்துவிட்டு, ஊரைக் கூட்டி, புகார் எழுதி, அதிகாரிகளை அழைத்து, அவர்கள் கருவியோடு வந்து சேர்வதற்குள் நண்பகல் ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, பாசி மறுபடியும் வேலையைத் தொடங்கியிருக்கும். கருவியை நீரில் விட்டால் லிட்டருக்கு 7 அல்லது 8 மில்லிகிராம் என்று காட்டும். உடனே “பார்த்தீர்களா, காற்று நிறைய இருக்கிறது, அப்படியென்றால் மருந்துதான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். நண்பகலில் எடுத்த அளவு நண்பகலைப் பற்றித்தான் பேசும், விடியற்காலை நாலரை மணிக்கு என்ன நடந்தது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. தண்ணீரைக் குடிநீர்ப் புட்டியில் பிடித்துக் கோவையிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிராணவாயு அளவைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வழியிலேயே அளவு மாறிவிடும். கரையிலேயே அளக்க வேண்டும், அல்லது அங்கேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த அறிக்கை வெறும் காகிதம்தான்.

கருவி இல்லாமலேயே பார்த்து அறிவதற்கு அடையாளங்கள் உண்டு. மூச்சுத் திணறலில் பெரிய மீன்கள்தான் முதலில் போகும். ஒன்றரைக் கிலோ கட்லா வாயைப் பிளந்து, செவுள் மூடி விரிந்தபடி கரையோரம் ஒதுங்கியிருக்க, விரலளவுக் குஞ்சுகள் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும். விரால், சில வகைக் கெளுத்தி போன்றவை மேலே வந்து நேரடியாகக் காற்றை எடுக்கக் கூடியவை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஜிலேபி மீனும் குறைந்த பிராணவாயுவைக் கெண்டையைவிட அதிகமாகத் தாங்கும். பூச்சிமருந்து கலந்திருந்தால் காட்சி வேறு மாதிரி இருக்கும். சிறுமீன், கூனி இறால், நீர்ப்பூச்சிகள், தலைப்பிரட்டை எல்லாம் சேர்ந்தே சாகும். சாகும் முன் மீன்கள் சுழன்று, துள்ளி, திசை தெரியாமல் ஓடும். பகலா இரவா என்ற வேறுபாடும் இருக்காது. நான் மேலே சொன்ன குட்டையில் விராலும் குஞ்சுகளும் உயிரோடு இருந்தன, கரையோரத் தவளைகள் எனக்கு வழிவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தன. கட்லாவையும் ரோகுவையும் மட்டும் தேடிக் கொல்கிற மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.

மக்களின் சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நொய்யல் ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியதும் நம் கண்முன்னே நடந்தவை. நகரத்துச் சாக்கடை கலக்கும் குளங்களிலும் மீன்கள் இறக்கின்றன. அங்கேகூடப் பல நேரங்களில் கொல்வது நஞ்சு அல்ல. கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை முழுவதும் தின்றுவிடுவதால்தான் மீன்கள் சாகின்றன. சாக்கடையை விட்டவர் மீது குற்றம் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. எந்தக் குற்றம் என்பதைச் சரியாகச் சொன்னால்தான் புகார் நிற்கும்.

கோடை மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய சாவுகள் பலவும் அதற்கு மறுநாள்தான் நிகழ்கின்றன. பல நாள் வெயிலில் மேல்நீர் சூடேறி இலேசாகவும், அடிநீர் குளிர்ந்து கனமாகவும் இருப்பதால் இரண்டும் கலக்காமல் தனித்தனியாக நிற்கும். அடியில் சேறும் மக்கும் தீனியும் இருக்கும் இடத்தில் பிராணவாயு ஏறக்குறைய இல்லை. மாலையில் திடீரென்று காற்றும் மழையும் வந்து மேல்நீரைக் குளிர வைத்ததும் அடிநீர் புரண்டு மேலே வருகிறது. காடுகளிலிருந்தும் பட்டிகளிலிருந்தும் அடித்துவரும் முதல் வெள்ளத்தின் அழுக்கும் அதோடு சேர்கிறது. மறுநாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் பாசியும் கைவிட்டுவிடும். “மழை பெய்து குளிர்ந்த பிறகுமா சாகும்?” என்று கேட்கிறார்கள். ஆம், அப்போதுதான் சாகும்.

இதற்கு மேல் நாமே சேர்த்துவைக்கிற வினைகள் இருக்கின்றன. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைகள் அருகிலேயே இருப்பதால் கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது. அதை வண்டி வண்டியாக ஏரியில் கொட்டினால் மீன் கொழுக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அளவான எரு தண்ணீருக்கு உயிரூட்டும். கொட்டிக் கவிழ்த்த எரு மே மாதத்தில் அதே தண்ணீரைச் சாகடிக்கும். அடுத்தது நீரில் விடும் மீன்களின் எண்ணிக்கை. பல இனக் கெண்டைகளைச் சேர்த்து வளர்க்கும்போது ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் என்பது பொதுவான கணக்கு. தைமாதம் நிறைந்திருந்த ஏரிக்குப் போட்ட கணக்கு, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நின்று கசிவுநீரும் அற்றுப்போய் ஏரி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய சித்திரையில் எப்படிப் பொருந்தும்? மீனின் எண்ணிக்கை அதேதான், எடையோ பல மடங்கு கூடியிருக்கிறது. விலை ஏறட்டும் என்று பிடிப்பைத் தள்ளிப் போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மிதக்கிற மீனுக்கு என்ன விலை கிடைக்கும்?

ஆகவே பங்குனி முடிவதற்குள் பெரிய மீன்களில் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிடுங்கள். நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், ஒன்றரை மீட்டர் இருந்தால் நல்லது. முழங்கைவரை கையை நீருக்குள் நேராக இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும்வரை உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. மணிக்கட்டு மூழ்கியதுமே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள். அன்றே எருவையும் தீனியையும் நிறுத்திவிட்டு, முடிந்தால் புது நீர் விடுங்கள். மேகமூட்டமான நாளிலும் மழை நாளிலும் தீனி வேண்டாம். ஒரு வேளை தீனி இல்லாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

காற்றூட்டும் துடுப்புச் சக்கர எந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் பகலில் ஓடவிட்டுப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். அது ஓட வேண்டியது நள்ளிரவுக்குப் பிறகு, பொழுது நன்றாக விடியும்வரை. அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் உங்கள் ஊருக்கு வருமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வராதென்றால் டீசல் எஞ்சினை வாடகைக்காவது ஏற்பாடு செய்யுங்கள். எந்திரம் இல்லாதவர்கள், மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டதும் குட்டைத் தண்ணீரையே மோட்டாரால் எடுத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்ச வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாகக் குழாய் வழியே உள்ளே விடுவது பெரிய உதவி அல்ல, அந்த நீரிலேயே பிராணவாயு மிகக் குறைவு. அதையும் ஒரு பலகையிலோ கல்லிலோ மோதித் தெறிக்கவிட்ட பிறகே குட்டையில் சேர்க்க வேண்டும். பதற்றத்தில் சுண்ணாம்பை மூட்டையாகக் கொட்டாதீர்கள். அது நீரின் காரத்தன்மையை உயர்த்தும், காரம் உயர்ந்தால் நீரிலுள்ள அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் உயரும். திணறும் மீனுக்குச் செய்யும் சிகிச்சை அதுவல்ல.

தூண்டில் போடுகிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு “இன்றைக்கு நல்ல மீன்பாடு” என்று புழுவை மாட்டுகிறீர்கள், அது ஏன் இரை எடுக்கவில்லை என்று குழம்புகிறீர்கள். உயிருக்குத் தவிக்கிற மீன் இரை எடுக்காது. அந்த நேரத்தில் வலையை வீசி அள்ளுவதை விட்டுவிட்டு, ஏரியின் பொறுப்பாளருக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். ஆற்றிலும் இதே கணக்குதான். கொடிவேரி போன்ற அணைக்கட்டுகளுக்குக் கீழே நீர் விழுந்து நுரைக்கும் இடத்தில் காற்று கலப்பதால் கோடையிலும் மீன் உற்சாகமாக இருக்கும். ஓட்டம் நின்று தனித்துப்போன மடுக்களில் இருப்பவை, அடுத்த வெள்ளத்தில் முட்டையிட வேண்டிய தாய்மீன்கள். அங்கே பிளீச்சிங் பவுடரைத் தூவியும் மின்கம்பியைப் போட்டும் ஒரே நாளில் துடைத்தெடுப்பவர்களை ஊரார்தான் தட்டிக் கேட்க வேண்டும். மின்கம்பியால் மீனோடு மனிதனும் செத்துப்போகலாம் என்பதையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மிதந்த மீனைச் சமைக்கலாமா என்ற கேள்வி தவறாமல் வருகிறது. வேண்டாம். எப்போது செத்தது என்பது தெரியாது, கோடைச் சூட்டில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். நீலப்பச்சைப் பாசி பெருகியிருந்த நீரென்றால் அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சந்தைக்கு அனுப்புவதை நினைத்தும் பார்க்காதீர்கள். செத்ததை நீரிலேயே விட்டுவைத்தால் அது அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் எடுத்துக்கொண்டு மறுநாளும் சாவைக் கொண்டுவரும். அன்றே வாரி எடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். காரணம் தெரியும்வரை ஆடுமாடுகளை அந்தத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மருந்துதான் என்ற சந்தேகம் தீரவில்லையென்றால், புகார் எழுதுவதற்கு முன்னால் பொழுது ஏறும் முன்பே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். இன்னும் உயிர் ஊசலாடுகிற, செவுள் சிவப்பு மாறாத மீன்கள் சிலவற்றைப் பனிக்கட்டியில் வையுங்கள். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் தண்ணீரைத் தளும்பப் பிடித்து மூடி, அதையும் பனிக்கட்டியிலேயே வைத்து, எடுத்த நேரத்தை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். உப்பி நாறுகிற மீனைப் பிற்பகலில் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தால் அதிலிருந்து எந்த ஆய்வகத்தாலும் எதையும் சொல்ல முடியாது.