கபாலபாதி செய்தால் கொசு ஏன் கூடுகிறது?

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டால், சென்னையில் எங்கள் பூங்காவின் காலைப் பயிற்சியில் பாதி நேரம் கைதட்டலிலேயே போய்விடும். வேப்பமரத்தடியில் 20 பேர் நிற்போம். மாஸ்டர் கையை மேலே தூக்கச் சொல்லும்போது பாதிப் பேர் குனிந்து கணுக்காலில் அடித்துக்கொண்டிருப்போம். அதே மரத்தடி பெஞ்சில் பேப்பர் படிக்கும் பெரியவர் மட்டும் நிம்மதியாக இருப்பார். "உங்க ரத்தம் இனிப்பு சார், அதான்" என்று குழுவில் ஓர் அக்கா எனக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டார்.

ரத்தம் எப்படி இருக்கிறது என்பது ஊசியை இறக்கிய பிறகுதான் கொசுவுக்குத் தெரியும். ஆளை அது அதற்கு வெகு முன்பே பிடித்துவிடுகிறது. முதல் துப்பு நம் மூச்சு. வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். சுற்றியுள்ள காற்றில் 0.04 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறார். வேர்க்க வேர்க்கக் குதிப்பவர் அதைப்போல ஐந்தாறு மடங்கு. பெண் கொசுவின் ஊசிக்குழலுக்கு இரு பக்கமும் இருக்கும் குட்டித் தண்டுகளுக்கு இந்த வாயுவைக் கண்டுபிடிப்பதுதான் முக்கிய வேலை. (ஆண் கொசுவுக்கு ரத்தமே வேண்டாம், முட்டைக்குப் புரதம் தேடுவது பெண்தான்.)

ஊதுபத்திப் புகை எப்படிப் போகிறது? பட்டையாகப் போகாமல் இழை இழையாகப் பிரிந்து நெளிந்து போகும். மூச்சும் அப்படித்தான். ஓர் இழை பட்டதும் கொசு காற்றுக்கு எதிராகப் பாயும். இழை அறுந்துபோனால் இப்படியும் அப்படியும் அலைந்து, அடுத்த இழையைப் பிடித்து, மறுபடி பாயும். காற்றே அசையாத மரத்தடியில் 20 பேர் சேர்ந்து, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்தால், அது கொசுவுக்குப் பந்தி போட்டு இலையும் விரித்த மாதிரி.

மூச்சு பட்ட பிறகுதான் அதன் கண் கூர்மையாகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுக்களை ஒரு காற்றுக் கூண்டுக்குள் விட்டு, வண்ண வட்டங்களைக் காட்டினார்கள். கார்பன் டை ஆக்சைடு இல்லாதவரை கொசுக்கள் எந்த நிறத்தையும் சட்டை செய்யவில்லை. அதைச் செலுத்தியதும் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு வட்டங்களுக்கு ஓடின. பச்சையையும் வெள்ளையையும் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த நிறத் தோலாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும்தான் தூக்கல். எங்களில் பெரும்பாலோர் போட்டிருந்ததோ முழங்கால் வரைக்குமான கறுப்பு ட்ராயர்.

நெருங்கிவிட்டால் வெப்பமும் வியர்வையும். உடல் வீசும் அகச்சிவப்புக் கதிரை ஏடிஸ் சுமார் 70 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே உணர்கிறது என்பது 2024-இல்தான் தெரியவந்தது. வியர்வையில் உள்ள லாக்டிக் அமிலம் தனியாக அதிகம் இழுக்காது, மூச்சோடு சேர்ந்தால் இழுக்கும். இதனால்தான் குதிக்கும்போது படும் கடியைவிட, முடிந்து சவாசனத்தில் படுக்கும்போது படும் கடி மோசம். உடல் சூடாக இருக்கிறது, வியர்வை காயவில்லை, மூச்சு இன்னும் இறைக்கிறது, ஆனால் கைகால் மட்டும் அசைவதில்லை.

அக்கா சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் சிலரின் முன்கையில் நைலான் காலுறையை மாட்டி, அதில் ஏறிய வாசனையை வைத்துக் கொசுக்களைச் சோதித்தார்கள். அதிகம் கவர்ந்தவருக்கும் குறைவாகக் கவர்ந்தவருக்கும் ஏறத்தாழ 100 மடங்கு வித்தியாசம். காரணம் தோலில் சுரக்கும் கார்பாக்சிலிக் அமிலங்கள். ரத்தத்தின் இனிப்புக்கு இதில் வேலையில்லை.

நாங்கள் செய்தது சின்ன மாற்றம்தான். மரத்தடியை விட்டு, காற்று வரும் ஷட்டில் கோர்ட்டுக்கு இடம் மாறினோம். கொசு ஏறக்குறைய நாம் நடக்கும் வேகத்தில்தான் பறக்கும்; லேசான காற்றே அதைத் தடுமாற வைக்கும், மூச்சு இழையையும் கலைத்துவிடும். வெளிர் நிறத்தில் முழுக்கால் பேன்ட், சவாசனத்துக்கு முன் துண்டால் ஒரு துடைப்பு. துடைத்த பிறகுதான் கொசுக் களிம்பு, முன்பே பூசினால் வியர்வையோடு போய்விடும். கடி பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை.

எங்களைக் கடித்தது காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ். இந்தக் கொசு அதிக தூரம் போகாது, பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்தான் வாழும். ராத்திரி காதில் ரீங்காரமிடும் க்யூலெக்ஸ் வேறு, அது சாக்கடைப் பிறவி. ஏடிஸ் தேடுவது தேங்கிய நல்ல தண்ணீரை. அப்படியானால் எங்களைக் கடிப்பது பூங்காவுக்குள்ளேயோ பக்கத்திலேயோ பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரு ஞாயிறு தேடினோம். பிள்ளைகள் ஏறி விளையாட, பெயின்ட் அடித்துப் பாதி புதைத்திருந்த டயர்கள். உள்வளைவில் கரண்டியை விட்டு மொண்டேன். தேநீர் நிறத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கொசுப்புழுக்கள், வாலில் இருக்கும் மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கின. என் நிழல் விழுந்ததும் நெளிந்து அடியில் போய்விட்டன.

புகை மருந்து அடித்தும் ஏன் தீரவில்லை என்பது அங்கே புரிந்தது. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழு பிழைத்து, முட்டை பொரிந்ததிலிருந்து எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும். டயர் வளைவுகளை மணலால் நிரப்பினோம்.

மிச்சம் இருந்தது பேப்பர் பெரியவரின் மண்சட்டி, குருவிகளுக்காக அவர் தண்ணீர் வைப்பது. "அதையும் கவுத்திடச் சொல்றியா தம்பி?" என்று கோபப்பட்டார். வேண்டாம் ஐயா, வாரம் ஒரு தடவை தேங்காய் நாரால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள், வெறுமனே கொட்டினால் போதாது என்றேன். ஏடிஸ் தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில்தான் முட்டையை ஒட்டும். சட்டி காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. அடுத்து தண்ணீர் ஏறும்போது பொரியும். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கருமிளகைப் பொடித்துத் தூவியதுபோல் விரலில் ஒட்டி வந்தது.