ஆகஸ்ட்: சொல் விளக்கம்

ஆகஸ்ட் என்னும் மாதப் பெயர் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பெயரிலிருந்து வந்தது. எனினும் அது அவருடைய இயற்பெயர் அன்று. ஒக்டேவியஸ் என்ற பெயரோடு பிறந்த அவருக்கு, கி.மு. 27 ஜனவரியில் ரோமின் செனட் அவை வழங்கிய பட்டமே அகஸ்டஸ் என்பது. போற்றி வணங்கத் தக்கவர் என்பது அதன் பொருள். பெருக்குதல், வளர்த்தல் என்னும் பொருள் தரும் 'அவ்கேரே' என்ற லத்தீன் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவர்.

அதற்கு முன் இந்த மாதத்தின் பெயர் செக்ஸ்டிலிஸ், அதாவது ஆறாவது. பழைய ரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் ஆகஸ்ட் ஆறாவதாக வந்தது. ஏழைக் குறிக்கும் செப்டம்பரும் பத்தைக் குறிக்கும் டிசம்பரும் இன்றும் அந்தக் கணக்கையே சுமந்து நிற்கின்றன. ஐந்தாவதான குவின்டிலிஸ், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் பிறந்த மாதம் என்பதால் ஜூலை ஆயிற்று.

அகஸ்டஸ் பிறந்ததோ செப்டம்பரில். அந்த மாதத்துக்கே அவர் பெயரை இட மக்கள் விரும்பியும் அவர் செக்ஸ்டிலிஸைத் தேர்ந்தார் என்று வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். கி.மு. 8இல் நிறைவேறிய செனட் தீர்மானத்தின் வாசகத்தை மக்ரோபியஸ் என்ற பிற்கால ரோம எழுத்தாளர் நமக்குக் காத்துத் தந்திருக்கிறார்: அகஸ்டஸ் முதன்முறை கான்சல் என்னும் ரோமின் உயர் ஆட்சிப் பதவியை ஏற்றதும், மூன்று வெற்றி ஊர்வலங்களோடு நகருக்குள் நுழைந்ததும், எகிப்து ரோமர் ஆட்சிக்குள் வந்ததும் இம்மாதத்திலேயே என்று அது காரணம் காட்டுகிறது. எகிப்தின் தலைநகரான அலெக்சாந்திரியா வீழ்ந்தது கி.மு. 30 ஆகஸ்ட் 1ஆம் நாள்.

சீசரின் மாதத்துக்குக் குறையக் கூடாதென்று அகஸ்டஸ் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பறித்துக்கொண்டார் என்ற கதை இன்றும் பாடம்போல் சொல்லப்படுகிறது. அது பிற்கால இடைக்காலத்தில் பரவிய கட்டுக்கதை. சீசர் செய்த நாட்காட்டிச் சீர்திருத்தத்திலேயே செக்ஸ்டிலிஸுக்கு 31 நாள்கள் கிடைத்துவிட்டன.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது? இலங்கைத் தமிழில் ஆகஸ்டை ஆவணி என்று எழுதும் வழக்கம் உண்டு. கேட்க இனிமையானதே, ஆனால் பொருந்தாது. சூரியன் சிம்ம ராசியில் புகும்போது பிறக்கும் ஆவணி ஏறக்குறைய ஆகஸ்ட் 17இல்தான் தொடங்குகிறது, அதுவரை நடப்பது ஆடி. ஆகஸ்ட் 5ஐ ஆவணி 5 என்று எழுதினால், பஞ்சாங்கம் பார்ப்பவர் இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளியே அந்த நாளைத் தேடுவார். எனவே ஆகஸ்ட் என்று ஒலிபெயர்த்து எழுதுவதே பிழையற்றது. கிரந்த எழுத்தைத் தவிர்க்க விரும்புவோர் ஆகத்து என்று எழுதலாம்.